வாங்கின மென்பொருளுக்கு வருஷா வருஷம் எதற்குக் காசு?

சேலத்தில் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் மென்பொருள் எழுதித் தரும் சிறு நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. மாடியில் ஓர் அறை, நாலு கம்ப்யூட்டர், ஒரு யு.பி.எஸ்., ஐந்தாறு பேர் என்று நடப்பவை. ஏப்ரல் பிறந்தால் இவர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். ஏ.எம்.சி. என்கிற ஆண்டுப் பராமரிப்புத் தொகையைப் பற்றியது அது. "புரோகிராமுக்கு அன்னைக்கே முழுசா குடுத்தாச்சு. ஓடிட்டுத்தானே இருக்குது? மறுபடி எதுக்குங்க காசு?" என்பது கடைக்காரர் தரப்பு. "எல்லாரும் குடுக்கறாங்கண்ணா" என்பதைத் தாண்டி நிறுவனத்தின் தரப்பில் பதில் வருவது அபூர்வம்.

கடைக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு உருப்படியான பதிலும் இருக்கிறது. ஆனால் ஒரு மென்பொருள் எப்படித் திட்டமிடப்படுகிறது, எப்படி எழுதப்படுகிறது, எழுதி முடித்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது புரியும். சிக்கல் எங்கே என்றால், விற்பவர் வாங்குபவர் இருவருமே மென்பொருளை மிக்ஸி மாதிரி நினைக்கிறார்கள். வாங்கினோம், வாரண்டி உண்டு, தேய்ந்தால் ரிப்பேர். மென்பொருள் தேய்வதில்லை. பத்து வருடம் முன்பு எழுதிய வரி இன்றும் அட்சரம் பிசகாமல் அப்படியே இருக்கும். அதைச் சுற்றியுள்ள கடை, சட்டம், கம்ப்யூட்டர், வெள்ளி விலை எல்லாம் மாறிவிடுகின்றன. மாறாமல் நிற்பதுதான் அதன் கோளாறு.

பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தக் கட்டங்கள் மனப்பாடம்: தேவைகளை அறிதல், வடிவமைப்பு, எழுதுதல், சோதனை, நிறுவுதல், பராமரிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் அம்புக்குறிகள். தேர்வில் வரைந்தால் மார்க் உறுதி. இந்தப் படத்தின் மூலம், விண்கலப் பணிகளுக்கான மென்பொருள்களில் அனுபவப்பட்ட வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய ஆய்வுரை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1968 அக்டோபரில், ஜெர்மனியின் கார்மிஷ் ஊரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை, செலவு எகிறுகிறது, முடிந்தாலும் நம்ப முடியவில்லை என்று உலகின் முக்கியமான கணினி வல்லுநர்கள் அங்கே கூடிப் புலம்பினார்கள். மென்பொருளையும் ஒரு பொறியியல் துறையாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் பரவலானது அதற்குப் பிறகுதான்.

ராய்ஸ் அந்தப் படத்தை வரைந்துவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை அழைப்பதற்குச் சமம் என்று தன் கைப்படவே எழுதியிருக்கிறார். சோதனை கடைசிக் கட்டத்தில் வருகிறது. நினைத்தபடி வேலை செய்கிறதா என்று முதல் தடவையாகத் தெரிவதே அங்கேதான். தவறு என்றால் வடிவமைப்புக்கோ தேவைகளுக்கோ திரும்பிப் போக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். முற்றிலும் புதிய மென்பொருளானால், முதலில் சிறிதாக ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, வாடிக்கையாளருக்கு இரண்டாவதாகச் செய்வதைக் கொடுங்கள் என்றும் சொன்னார். இந்த முறைக்கு ஒட்டிக்கொண்ட 'அருவி மாதிரி' (வாட்டர்ஃபால் மாடல்) என்ற பெயர்கூட அவர் வைத்ததல்ல. 1976-இல் பெல், தேயர் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் வருகிறது. எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் ஓட்டிவிட்டார்கள். நம் ஊர்க் கொட்டேஷன்களும் அந்தப் படத்தின் பிள்ளைகள்தான்.

திட்டமிடும் கட்டத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு, சேலம் செவ்வாய்பேட்டையின் கொலுசு வியாபாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கொலுசு ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. வியாபாரி வெள்ளிக் கட்டியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுக்கிறார். சிவதாபுரம், பனங்காடு என்று ஊரைச் சுற்றி வீடு வீடாக வேலை நடக்கிறது. உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது ஓரிடம், பற்ற வைப்பது, சலங்கை கோப்பது, மெருகு போடுவது என்று கை மாறிக்கொண்டே போகும். கொடுத்ததும் எடைக் கணக்கு, திரும்ப வருவதும் எடைக் கணக்கு. நடுவில் சேதாரம் போகும். சுத்தத்தை 'டச்' என்ற கணக்கில் சொல்வார்கள். 70 டச் என்றால் 100 கிராமில் 70 கிராம் சுத்த வெள்ளி.

இப்போது ஒரு வியாபாரியிடம் போய், இந்தப் பட்டறைக்காரர் உங்களுக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டுப் பாருங்கள். 'ஒரு கிலோ இருநூத்தி நாப்பது கிராம், அப்புறம் பதினெட்டாயிரம் ரூபா' என்பார். இவை இரண்டு தனித்தனிப் பாக்கிகள். வெள்ளி விலை தினமும் மாறுவதால் ஒன்றை இன்னொன்றோடு கூட்ட முடியாது. இருவரும் உட்கார்ந்து, இன்றைய விலைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்ட நாளில்தான் கிராம் ரூபாயாகும். கடையில் கிடைக்கும் சாதாரண பில்லிங் மென்பொருளுக்கு ரூபாய்ப் பாக்கி மட்டும்தான் தெரியும். வெள்ளியைச் சரக்கு இருப்பாகக் காட்டும். கடனாகக் காட்டத் தெரியாது.

இதை எந்த வியாபாரியும் முதல் சந்திப்பில் சொல்ல மாட்டார். மறைப்பதற்காக இல்லை. அவருக்கு அது மூச்சு விடுவது போல் சகஜம். சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றாது. "பில்லு போடணும், பாக்கி தெரியணும், ஸ்டாக் தெரியணும், அவ்வளவுதாங்க" என்பார். அதை எழுதிக்கொண்டு வந்து கொட்டேஷன் அடிப்பவர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். செய்ய வேண்டியது, அவருடைய நீள நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது. சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு. இடப்பக்கம் கொடுத்தது, வலப்பக்கம் வந்தது. எடைகள் நீல மையில் வரிசையாக இறங்கும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலில் '70+5' என்று சின்னதாக ஒரு குறிப்பு.

"இந்த அஞ்சு என்னங்கண்ணா?"

"அது கூலி தம்பி. வெள்ளியாவே கழிச்சிக்குவோம்."

அந்தப் பென்சில் குறிப்பில்தான் முழு மென்பொருளும் இருக்கிறது. 1,000 கிராம் கொலுசு 70 டச், கூலி 5 என்றால், பட்டறையின் கணக்கில் வரவு வைக்க வேண்டியது 750 கிராம் சுத்த வெள்ளி. கூலி என்றதும் ரூபாய் என்று நினைத்து டேட்டாபேஸில் ஒரு ரூபாய்க் கட்டத்தை ஒதுக்கியிருந்தால், பட்டறைக் கணக்கு, இருப்பு, பில், ரிப்போர்ட் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். நோட்டைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரம். எழுதி முடித்த பிறகென்றால் மாதக்கணக்கு. பிந்திக் கண்டுபிடிக்கும் தவறைத் திருத்த எத்தனை மடங்கு செலவு கூடும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. கூடும் என்பதில் சண்டை இல்லை.

ஏற்காடு மலைக்குப் போனால் கேள்விகள் வேறு. காப்பித் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்கள் பெயரையும், யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்பதையும் போனில் பதிவு செய்யும் செயலி வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் உட்கார்ந்து திட்டம் போட்டால் எல்லாம் இணையத்தில் என்று எழுதிவிடுவோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கினால் சரிவுக்குச் சரிவு சிக்னல் வந்து வந்து போகும். மழையென்றால் கரண்டும் போகும். ஆகவே செயலி இணையம் இல்லாமலே நாள் முழுக்க ஓட வேண்டும்; சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்ததும் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒரே ஆளின் பெயரை இரண்டு மேஸ்திரிகள் பதிந்திருந்தால் எதை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. செயலியின் அஸ்திவாரமே இதில் மாறிவிடும்.

வடிவமைப்பு என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னச் சின்னத் தீர்மானங்கள்தான். வாடிக்கையாளர் கண்ணில் அவை படவே படாது, ஆனால் பிற்காலச் செலவை அவைதான் நிர்ணயிக்கும். எடையை எப்படிச் சேமிப்பது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் தசம எண்களை வழக்கமாக இரும முறையில் வைத்துக்கொள்கிறது. அந்த முறையில் 0.1 என்ற எண்ணைத் துல்லியமாக எழுதவே முடியாது. 0.1 கிராமைப் பத்து முறை கூட்டிப் பாருங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். ஒரு பில்லில் இது தெரியாது. ஒவ்வொரு வரியையும் மில்லிகிராமுக்கு முழுதாக்கி ஆயிரக்கணக்கில் சேர்த்த பிறகு, நோட்டுக் கணக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் சில மில்லிகிராம் இடிக்கலாம். வெள்ளிக்காரர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. எடையை மில்லிகிராமில் முழு எண்ணாகவும், பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகவும் வைத்துவிட்டால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

இன்னொன்று, வரி விகிதம். 2017 ஜூலை 1 முதல் வெள்ளி நகைக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம். இந்த 3 என்ற எண்ணைக் கோடில், அதாவது நிரலின் வரிகளில், நேரடியாக எழுதுவது சோம்பேறித்தனம். அதை ஒரு பட்டியலில் வைக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. அதுவும் போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த விகிதம் என்று வைக்க வேண்டும். விகிதம் மாறிய பிறகு பழைய பில்லை மறுபடி அச்சடித்தால் பழைய வரிதான் வர வேண்டும். மாற்றத்துக்கு முன் விற்ற பொருள் பின்னால் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டிலும் பழைய விகிதம்தான்.

எழுதும் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மென்பொருள் என்றதும் எல்லார் மனதிலும் வருவது இதுதான். ஆனால் மொத்த வாழ்நாளில் இது சின்னப் பகுதி. தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும், வேலை பின்தங்கிவிட்டது என்றால், கல்லூரி முடித்த மூன்று பையன்களைப் புதிதாகச் சேர்த்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ். 360 என்ற பெரும் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: பின்தங்கிய மென்பொருள் வேலைக்கு ஆளைக் கூட்டினால் இன்னும் பின்தங்கும். மூன்று பேருக்குள் பேச வேண்டிய இணைகள் 3. ஆறு பேரானால் 15. புதியவர்களுக்கு டச் என்றால் என்ன, கூலி ஏன் வெள்ளியில் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதே மூன்று பேர்தான்.

எழுதிய நிரலைப் பாதுகாப்பது இன்னும் பல இடங்களில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நியூ ஃபைனல்', 'செவ்வாய்பேட்டை ஃபைனல்' என்று ஃபோல்டர்களாகவே நடக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்துக்காக, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதிய 'கிட்' என்ற கருவி இலவசம். எந்த வரியை, யார், எந்த நாளில், எதற்காக மாற்றினார் என்று அது சொல்லும். பராமரிப்பில் பாதி வேலை இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் என்பதால், கிட் இல்லாத நிறுவனத்துக்கு ஏ.எம்.சி. கொடுப்பதை நான் யோசிக்கவே சொல்வேன்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கைக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டிக்கொண்டே போகும் முறை பரவியது. நம் வியாபாரிகளுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். நாற்பது பக்கத் தேவை ஆவணத்தை அவர்கள் படிக்கப் போவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரையைக் காட்டினால் "இப்படி இல்லீங்க" என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் இங்கே கொட்டேஷன் ஒரே தொகை. ஒவ்வொரு "இப்படி இல்லீங்க"வுக்கும் காசு யாருடையது என்று எழுதாமல் அஜைல் பேசுவதில் அர்த்தமில்லை.

சோதனையில் பெரிய குறை, பொய்த் தரவு. வாடிக்கையாளர் பெயர் 'டெஸ்ட்', எடை 100, டச் 100 என்று போட்டுப் பார்த்து, சரியாக வருகிறது என்று முடித்துவிடுகிறார்கள். போன மார்ச் மாத நோட்டை வாங்கி அதில் உள்ளதை அப்படியே ஏற்றிப் பாருங்கள். பழைய வெள்ளி திரும்பி வந்தது, ஒரே பட்டறை இரண்டு டச்சில் சரக்குக் கொடுத்தது, பில் பாதியில் கரண்ட் போனது, ஒரே பெயரில் நாலு முருகன் இருப்பது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஒரு கடைக்கு எழுதியதை இன்னொரு கடைக்குப் பெயர் மாற்றி விற்கும்போது இது இன்னும் முக்கியம். 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட் கிளம்பி நாற்பது விநாடிக்குள் சிதறியது. அரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய மென்பொருளை அதில் அப்படியே வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைக் குறித்த 64 பிட் எண், அதைவிடச் சிறிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. கோடில் ஒரு வரியும் மாறவில்லை, ஓடிய இடம்தான் மாறியது. வருடத்துக்குப் பத்தாயிரம் பில் போடாத கொலுசுக் கடைக்கு நாலு இலக்க பில் எண் போதும். அதையே ஜவ்வரிசி மொத்த வியாபாரிக்கு விற்றால் பில் எண் எங்கே போய் முட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிறுவும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தொழில்நுட்ப முடிவுதான். அட்சய திருதியை வாரம், தீபாவளி வாரம், மார்ச் கடைசி ஆகிய மூன்றையும் தொடக் கூடாது. நகை வியாபாரம் மந்தமாக இருக்கும் ஆடி மாதம்தான் இதற்கு வசதி. ஆனால் ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டேன் என்பார் முதலாளி. இதற்கு ஒரு சமாதான ஏற்பாடு உண்டு. ஆடியில் 'சும்மா ஓட்டிப் பார்க்கிறோம்' என்று நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் சேர்த்தே எழுதுவது. கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து ஆவணியில் நல்ல நாள் பார்த்து முறைப்படி தொடங்குவது. இரண்டு கணக்கும் ஒரு மாதம் தினமும் ஒத்துப்போக வேண்டும் என்ற பாடப்புத்தக அறிவுரை இதில் தானாகவே நிறைவேறிவிடுகிறது.

புது வர்ஷனைக் கடையில் ஏற்றும்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினோமா என்று பார்ப்பதும் சின்ன விஷயமில்லை. 2012 ஆகஸ்ட் 1-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனம் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புது மென்பொருளை ஏற்றியது. விட்டுப்போன எட்டாவதில் பழைய கோடு விழித்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலர் நஷ்டம். மூன்று கவுண்டர் உள்ள கடையில் ஒன்றை விட்டுவிட்டால் அவ்வளவு போகாது. ஆனால் 2025 செப்டம்பர் 22-இல் 12, 28 சதவீத ஜி.எஸ்.டி. அடுக்குகள் பெரும்பாலும் நீங்கிப் பல பொருள்களின் வரி ஒரே நாளில் மாறியபோது, பழைய விகிதத்திலேயே பில் போடும் மூன்றாவது கவுண்டர் எத்தனை தலைவலி கொடுக்கும் என்று மளிகைக்காரர்களுக்குத் தெரியும்.

இனி, ஏப்ரல் மாதச் சண்டைக்கு வருவோம். பராமரிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு வேலைகள் இருக்கின்றன. பர்ட்டன் சுவான்சன் என்ற ஆய்வாளர் 1976-இல் மூன்றாகப் பிரித்தார். பிற்காலச் சர்வதேசத் தரம் நாலாவதைச் சேர்த்தது. முதலாவது, எழுதியவர் செய்த பிழையைத் திருத்துவது. இரண்டாவது, வெளியுலகம் மாறியதற்கு ஏற்ப மாற்றுவது. மூன்றாவது, பயனர் கேட்கும் புது வசதிகளும் மேம்பாடுகளும். நாலாவது, இன்னும் கெடாததை முன்கூட்டியே செப்பனிடுவது. கடைக்காரர் மனதில் பராமரிப்பு என்றால் முதலாவது மட்டும். 'உன் தப்பை நீ திருத்த நான் ஏன் காசு கொடுக்கணும்' என்ற கோபம் அங்கிருந்துதான் வருகிறது. லியன்ட்ஸும் சுவான்சனும் 487 நிறுவனங்களில் ஆய்வு செய்து 1980-இல் வெளியிட்டதில், பிழை திருத்தத்துக்குப் போன உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பங்கு, பயனர்கள் புதிதாகக் கேட்டவற்றுக்குப் போயிருந்தது.

சேலத்துக் கடை ஒன்றின் பத்து வருடத்தை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். 2017-இல் வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டும் வியாபாரிகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. பில் அரசின் தளத்துக்குப் போய்ப் பதிவெண் வாங்கி வர வேண்டும், அதாவது நெட் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளுக்கு நெட் தேவைப்பட்டது. தங்கத்துக்கு ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் 2023 ஏப்ரலில் கட்டாயமானது; வெள்ளிக்கும் அது 2025 செப்டம்பரில் விருப்பத்தின் பேரில் வந்திருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கும் கட்டாயமானால், எடைக் கணக்கில் மொத்தமாகப் போய்வந்த கொலுசுகளை ஜோடி ஜோடியாகக் கணக்கு வைக்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இவற்றில் ஒன்றுகூட மென்பொருள் எழுதியவரின் பிழை இல்லை. கடைக்காரர் பிழையும் இல்லை.

லண்டனில் பணியாற்றிய கணினி ஆய்வாளர் எம்.எம். லேமன் 1970-களில் இதை விதிகளாகவே எழுதிவைத்தார். பயன்பாட்டில் உள்ள மென்பொருளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்பது முதல் விதி. மாற்ற மாற்ற அதன் உள்சிக்கல் ஏறும், அதைக் குறைக்கவென்று தனியாக வேலை செய்தால் ஒழிய, என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது விதிதான் நாலாவது வகைப் பராமரிப்புக்குக் காரணம். கொலுசுக்கு எழுதிய பில்லில் அவசரத்துக்கு ஒரு நிபந்தனையைச் செருகுவோம்; அடுத்த வருடம் அதன்மேல் இன்னொன்று. ஐந்தாம் வருடம், ஒரு கட்டத்தின் அகலத்தை மாற்றக்கூட இரண்டு நாள் கேட்பான் பையன். முதலாளிக்கு அவன் ஏமாற்றுகிறான் என்று தோன்றும். உண்மையிலேயே இரண்டு நாள் ஆகும். அந்த அவசரச் செருகல்களை வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1992-இல் கடன் என்றார்; வட்டிதான் அந்த இரண்டு நாள்.

என் கணிப்பில், ஒரே தொகையாக வாங்குவதால்தான் ஏ.எம்.சி. சண்டையாகிறது. பிரித்து எழுதிவிடலாம். நிறுவனத்தின் பிழை என்றால், ஒரு வருடமோ இரண்டு வருடமோ பேசிக்கொண்டபடி இலவசமாகத் திருத்த வேண்டும். அதைக் காசாக்குவது அநியாயம். சட்ட மாற்றம், விண்டோஸ் மாற்றம் போன்றவை ஆண்டுத் தொகைக்குள் வரலாம். ஒரே மாற்றத்தைப் பத்துக் கடைகளுக்குச் செய்வதால் செலவும் பகிர்ந்துகொள்ளப்படும். புது வசதிக்கு ஒவ்வொரு முறையும் தனி விலை. "சின்ன மாத்தந்தானுங்க" என்று போனில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவதில் அடங்கும்.

பேக்கப்பையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் எல்லாக் கடையிலும் எடுக்கிறோம் என்பார்கள். போய்ப் பார்த்தால், அதே கம்ப்யூட்டரின் பின்னால் வருடக்கணக்கில் செருகியபடியே ஒரு பென்டிரைவ், அதன்மேல் சாம்பிராணிப் புகையும் தூசியும் படிந்து, குங்குமம்கூட வைத்திருப்பார்கள். மிரட்டிப் பணம் பறிக்கும் வைரஸ் வந்தால் கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்தப் பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கணக்கு திறக்கிறதா என்று பார்ப்பது. இதை யாரும் செய்வதில்லை.

கோடு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். காசு கொடுத்து எழுதச் சொன்னதால் அது தன்னுடையது என்று கடைக்காரர் நினைக்கிறார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி கம்ப்யூட்டர் நிரல் இலக்கியப் படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. வெளியாளிடம் எழுதி வாங்கும்போது, எழுத்துப்பூர்வமாக மாற்றிக் கொடுக்காதவரை முதல் உரிமை எழுதியவருக்கே. நம் ஊரில் இது வெறும் சட்டக் கேள்வி இல்லை. எழுதிய பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிடும். அவன் லேப்டாப்போடு கோடும் போய்விடும். கடையில் ஓடுவது கோடு இல்லாத மென்பொருள். சாவி தொலைந்த பீரோவுக்காவது பூட்டுக்காரர் வருவார், இதற்கு ஆள் கிடையாது. அதனால், ஒவ்வொரு வர்ஷனின் கோடும் கடைக்காரரிடம் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்றும், நிறுவனம் மூடினால் இன்னொருவரை வைத்துத் திருத்திக்கொள்ள உரிமை உண்டு என்றும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு பராமரித்தாலும் ஒரு நாள் நிறுத்த வேண்டித்தான் வரும். செவ்வாய்பேட்டையிலும் லீ பஜாரிலும் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய மென்பொருள்கள் இன்னும் ஓடுகின்றன. அதை எழுத உதவும் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008-லேயே முடிந்துவிட்டது. ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்றால், திருத்த ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் நேரான பதில்.

பழையதிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றும்போது நமக்கே உரிய ஒரு தொல்லை, எழுத்துரு. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் பெயர்களைப் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'அம்மா' என்பது நாலைந்து ஆங்கில எழுத்துகளும், மெய்யின் புள்ளி நின்ற இடத்தில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் அதே கட்டத்தில் சில பெயர்களை உண்மையிலேயே ஆங்கிலத்தில் அடித்திருந்தால் கருவி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். கொம்பு போட்ட எழுத்துகளில் இன்னொரு வில்லங்கம். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலில், எழுத்து பின்னால். யூனிகோடில் எழுத்து முதலில். மாற்றம் அரைகுறையாக நடந்தால் திரையில் கொஞ்சம் கோணலாகத் தெரிவதோடு நிற்காது. செல்வம் என்று தேடினால் செல்வம் கிடைக்க மாட்டார். பட்டறைப் பட்டியலை மட்டுமாவது ஒருவர் உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும்.

கணக்கை மாற்றும் நாளில் ஒவ்வொரு பட்டறையின் பாக்கியையும் கிராமிலும் ரூபாயிலும் தனித்தனியாக அச்சடித்து, பட்டறைக்காரரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்; புது மென்பொருளின் ஆரம்ப இருப்பு அதுதான். பழைய கம்ப்யூட்டரை உடனே எடைக்குப் போட வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திரப் படிவத்துக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிரிண்டரோடு ஒரு மூலையில் வைத்தால் போதும். இதற்கு யாரும் ஏ.எம்.சி. கேட்க மாட்டார்கள்.